கிராஃபை டீப் காப்பி எடுப்பது எப்படி: முதல் படி முதல் சோதனை வரை

ஒரு எடிட்டருக்கு அன்டூ வசதி எழுதிக்கொண்டிருந்தபோதுதான் இந்த விஷயத்தை நான் ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். பெட்டிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட எடிட்டர் அது, அதாவது உள்ளே இருந்தது ஒரு கிராஃப். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் கிராஃபை ஒரு நகல் எடுத்து வைப்பேன், பயனர் அன்டூ அழுத்தினால் அந்த நகலைத் திரும்பக் கொண்டுவருவேன், அவ்வளவுதான் திட்டம். ஓட்டிப் பார்த்தால் பாதி மாற்றங்கள் திரும்பின, பாதி திரும்பவில்லை. நீக்கிய பெட்டி திரும்ப வந்தது. ஆனால் பெட்டியின் பெயரை மாற்றிவிட்டு அன்டூ அழுத்தினால் பழைய பெயர் வரவே இல்லை. நான் நகலெடுத்தது கணுக்களின் (கிராஃபில் ஒவ்வொரு பெட்டியும் ஒரு கணு) பட்டியலை மட்டும்தான். பட்டியல் புதிது, அதற்குள் இருந்த கணுக்கள் எல்லாம் பழையவையே.

இதே இடத்தில் நீங்களும் நிற்கிறீர்கள் என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கானது. எந்த மொழியில் எழுதுகிறீர்கள் என்பது முக்கியமில்லை. நிரல்களைத் தமிழிலேயே சூடோகோடாகத் தருகிறேன், உங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்வது எளிது.

## நகல் என்று எதைச் சொல்கிறோம்

பெரும்பாலான மொழிகளில் ஒரு மாறி ஆப்ஜெக்டையே வைத்திருப்பதில்லை, ஆப்ஜெக்ட் மெமரியில் எங்கே இருக்கிறது என்ற ரெஃபரன்ஸைத்தான் வைத்திருக்கிறது. ஷாலோ காப்பி எடுத்தால் வெளிக்கூடு மட்டும் புதிதாகும், உள்ளே இருக்கும் ரெஃபரன்ஸ்கள் அப்படியே பழைய ஆப்ஜெக்டுகளைக் காட்டும். டீப் காப்பியில் உள்ளே இருப்பவையும் புதிதாக வேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். கிராஃப் என்று வரும்போது இன்னொரு நிபந்தனையும் சேர்கிறது, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: உருவமும் மாறக் கூடாது. மூலத்தில் இரண்டு பாதைகள் ஒரே கணுவில் போய்ச் சேர்ந்தால் நகலிலும் அவை ஒரே கணுவில்தான் சேர வேண்டும், ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கணுக்களில் அல்ல.

ஆக, சரியான நகலில் மூன்று விஷயங்கள் உண்மையாக இருக்க வேண்டும். மூலத்தின் ஒவ்வொரு கணுவுக்கும் சரியாக ஒரே ஒரு நகல் இருக்க வேண்டும். மூலத்தில் யார் யாரோடு இணைந்திருக்கிறார்களோ அவர்களின் நகல்களும் அதே மாதிரி இணைந்திருக்க வேண்டும். நகலிலிருந்து மூலத்துக்குப் போகும் இணைப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. கடைசியில் சோதனை எழுதும்போது இந்த மூன்றும் திரும்ப வரும்.

## மரத்துக்குப் பழகிய வழி ஏன் இங்கே உடைகிறது

மரத்தை, அதாவது ஒவ்வொரு கணுவும் தன் பிள்ளைக் கணுக்களை மட்டும் காட்டும் கிளைத்த அமைப்பை, நகலெடுப்பது சுலபம். புதிய கணு உருவாக்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் இதே செயல்கூறை அழை, முடிந்தது. மரத்தில் ஒரு கணுவுக்குப் போக ஒரே வழிதான் என்பதால் இது வேலை செய்கிறது. கிராஃபில் அந்த உறுதி இல்லை.

முதல் சிக்கல் சுழற்சி. க என்ற கணு ச-வைக் காட்டுகிறது, ச திரும்ப க-வைக் காட்டுகிறது என்று வையுங்கள். க-வை நகலெடுக்க ச வேண்டும், ச-வை நகலெடுக்க க வேண்டும், இப்படியே போய் அழைப்புகளுக்கான மெமரியான ஸ்டாக் நிரம்பி நிரல் விழும். விழுவது ஒரு வகையில் நல்லது, தப்பு உடனே தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது சிக்கல் பகிர்வு. எனக்கு இதுதான் அதிக பயம், ஏனென்றால் நிரல் விழாது. வைர வடிவத்தில் நான்கு கணுக்கள் இருப்பதாக நினையுங்கள்: மேலே ஒன்று, நடுவில் இரண்டு, நடுவில் இருக்கும் இரண்டுமே கீழே இருக்கும் ஒன்றைக் காட்டுகின்றன. சுழற்சி கிடையாது. மரத்துக்கான நிரலை இதன்மேல் ஓட்டினால் அமைதியாக ஓடி முடியும், ஆனால் கீழே இருக்கும் கணுவுக்கு இரண்டு நகல்கள் வந்திருக்கும். அப்புறம் ஒரு பக்கம் செய்த மாற்றம் மறுபக்கத்தில் தெரியாது. இப்படி 20 வைரங்களை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்தால் மொத்தம் 61 கணுக்கள், 80 இணைப்புகள். ஆனால் ஒவ்வொரு வைரத்திலும் பாதைகள் இரட்டிப்பதால் கடைசிக் கணு மட்டும் 10,48,576 தடவை நகலெடுக்கப்படும். சின்ன கிராஃபில் மெமரி தீர்ந்துபோகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகியுங்கள்.

## படி 1: பதிவேடு ஒன்று திறங்கள்

இரண்டு சிக்கலுக்கும் மருந்து ஒன்றே. எந்த மூலக் கணுவுக்கு எந்த நகல் என்று குறித்து வைக்கும் ஒரு ஹாஷ் மேப் (சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அட்டவணை). நான் அதைப் பதிவேடு என்று அழைக்கிறேன். ஒரு கணுவைச் சந்திக்கும்போது பதிவேட்டைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே நகல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மட்டும் புதிதாக உருவாக்க வேண்டும். டீப் காப்பியின் முழு உயிரும் இந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது, மீதி எல்லாம் அதைச் சுற்றிய வேலை.

இதில் சாவியாக எதை வைப்பது என்பதில் கவனம் வேண்டும். கணுவின் மதிப்பைச் சாவியாக வைக்காதீர்கள். நேர்காணலுக்குத் தயாராகும் தளங்களில் வரும் கிராஃப் நகல் கணக்குகளில் ஒவ்வொரு கணுவுக்கும் வேறு வேறு எண் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், அதனால் மதிப்பைச் சாவியாக வைத்தாலும் அங்கே விடை சரியாக வரும், அந்தப் பழக்கம் கையில் ஒட்டிக்கொள்ளும். நிஜ வேலையில் ஒரே பெயருள்ள இரண்டு கணுக்கள் சர்வ சாதாரணம். மதிப்பு சாவி என்றால் அந்த இரண்டும் நகலில் ஒன்றாக ஒட்டிவிடும். சாவியாக இருக்க வேண்டியது கணுவின் அடையாளம், அதாவது அது எந்த ஆப்ஜெக்ட் என்பது. ஜாவாவில் சமத்துவத்தை நீங்களே மாற்றி எழுதிய வகுப்பு என்றால் சாதாரண ஹாஷ்மேப் ஏமாற்றும், அங்கே ஐடென்டிட்டிஹாஷ்மேப் பயன்படுத்துங்கள். ஜாவாஸ்கிரிப்டில் மேப் ஆப்ஜெக்டுகளை அடையாளத்தை வைத்தே ஒப்பிடும், அதனால் கவலை இல்லை. பைத்தானில் ஐடி எண்ணைச் சாவியாக வைக்கலாம், ஆனால் நகல் வேலை முடியும்வரை மூல ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்க வேண்டும், ஏனென்றால் அது அழிந்துவிட்டால் அதே எண் வேறு ஆப்ஜெக்டுக்குப் போகலாம்.

## படி 2: ரிகர்ஷனில் (செயல்கூறு தன்னையே அழைக்கும் முறையில்) எழுதுங்கள்

```
செயல்கூறு நகலெடு(கணு, பதிவேடு):
    பதிவேட்டில் கணு இருந்தால்:
        பதிவேடு[கணு] என்பதைத் திருப்பு
    புதியது = புதிய கணு(கணு.மதிப்பு)
    பதிவேடு[கணு] = புதியது
    கணு.அண்டைகளில் உள்ள ஒவ்வொரு அண்டைக்கும்:
        புதியது.அண்டைகளில் சேர்: நகலெடு(அண்டை, பதிவேடு)
    புதியது என்பதைத் திருப்பு
```

எட்டு வரிதான் (அண்டை என்றால் ஒரு கணு நேரடியாகக் காட்டும் கணு), ஆனால் வரிசை முக்கியம். பதிவேட்டில் எழுதும் வரி, அண்டைகளைச் சுற்றும் வரிக்கு முன்னால் வர வேண்டும். "நகல் முழுசாக முடிந்த பிறகு பதியலாம்" என்று நினைத்து அதைக் கடைசிக்குத் தள்ளுவது எனக்குத் தெரிந்து மிகவும் பரவலான தப்பு. அப்படிச் செய்தால் சுழற்சியில் திரும்பி வரும்போது பதிவேடு காலியாக இருக்கும், மறுபடி முடிவில்லாத ஓட்டம்தான்.

ஒரு முக்கோணத்தில் ஓட்டிப் பார்ப்போம். க, ச, த மூன்றும் ஒன்றோடொன்று இரு திசையிலும் இணைந்திருக்கின்றன. க-வில் தொடங்குகிறோம், க-வின் நகல் உருவாகிப் பதிவாகிறது. முதல் அண்டை ச, அதற்கும் நகல் உருவாகிப் பதிவாகிறது. ச-வின் அண்டைகளில் முதலில் க. அது பதிவேட்டில் இருப்பதால் அதன் நகலே உடனே கிடைக்கிறது. அடுத்து த, புதிய நகல், பதிவு. த-வின் அண்டைகளான க, ச இரண்டுமே பதிவேட்டில் இருப்பதால் த முடிந்தது, அதோடு ச முடிந்தது, திரும்ப க-வுக்கு வருகிறோம். க-வின் இரண்டாவது அண்டை த ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது, எடுத்துச் சேர்த்தால் வேலை முடிந்தது. மொத்தம் ஏழு அழைப்புகள், அதில் மூன்றில் மட்டும் புதிய கணு உருவானது.

கவனித்தீர்களா, ச தன் அண்டையாக க-வின் நகலைப் பெற்ற நேரத்தில் அந்த நகலின் அண்டைப் பட்டியல் காலியாகத்தான் இருந்தது. பரவாயில்லை. ச-வுக்குத் தேவை அந்த ஆப்ஜெக்டின் ரெஃபரன்ஸ் மட்டுமே. உள்ளே இருப்பது பிறகு நிரம்பும். பாதி கட்டிய வீட்டுக்கும் முகவரி உண்டு. இந்த ஒரு விஷயம் மனதில் உட்கார்ந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

## படி 3: கிராஃப் ஆழமாக இருந்தால் வரிசைக்கு மாறுங்கள்

ரிகர்ஷனுக்கு ஓர் எல்லை உண்டு. பைத்தானில் அது இயல்பாக 1000 அழைப்புகள். நீளமான சங்கிலி மாதிரி இருக்கும் கிராஃபில் ஒவ்வொரு கணுவுக்கும் ஓர் அழைப்பு உள்ளே உள்ளே போவதால் அந்த எல்லையைச் சுலபமாகத் தொட்டுவிடும். எல்லையை உயர்த்திப் பார்க்கலாம், ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், நாளை இன்னும் பெரிய கிராஃப் வரும். அழைப்பு ஸ்டாக்கை விட்டுவிட்டு நாமே ஒரு வரிசையை (க்யூ) வைத்துக்கொள்ளலாம்:

```
செயல்கூறு நகலெடு(தொடக்கம்):
    பதிவேடு = காலி மேப்
    பதிவேடு[தொடக்கம்] = புதிய கணு(தொடக்கம்.மதிப்பு)
    வரிசை = [தொடக்கம்]
    வரிசை காலியாகாத வரை:
        கணு = வரிசையின் முதல் உறுப்பை எடு
        கணு.அண்டைகளில் உள்ள ஒவ்வொரு அண்டைக்கும்:
            அண்டை பதிவேட்டில் இல்லை எனில்:
                பதிவேடு[அண்டை] = புதிய கணு(அண்டை.மதிப்பு)
                வரிசையில் சேர்: அண்டை
            பதிவேடு[கணு].அண்டைகளில் சேர்: பதிவேடு[அண்டை]
    பதிவேடு[தொடக்கம்] என்பதைத் திருப்பு
```

இணைப்பைச் சேர்க்கும் வரி எந்த அளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அது 'எனில்' கட்டத்துக்கு வெளியே இருக்கிறது. தவறி உள்ளே போய்விட்டால் புதிதாகப் பார்த்த கணுக்களுக்கான இணைப்பு மட்டும் நகலாகும், ஏற்கெனவே பார்த்த கணுக்களுக்குப் போகும் இணைப்புகள் எல்லாம் தொலைந்துபோகும். கணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும், உருவம் மட்டும் ஒரு மரமாகச் சுருங்கியிருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் சோதனை இதைப் பிடிக்காது.

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1970-இல் சி. ஜே. செனி வெளியிட்ட குப்பை சேகரிப்பு (இனி பயன்படாத மெமரியை மீட்கும்) அல்காரிதம் இதே வேலையைத்தான் செய்கிறது: உயிரோடு இருக்கும் ஆப்ஜெக்டுகளை மெமரியின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு ரிகர்ஷன் இல்லாமல் நகலெடுக்கிறது. தனியாகப் பதிவேடு வைக்காமல், நகலெடுத்து முடித்த பழைய ஆப்ஜெக்டின் இடத்திலேயே "நான் இப்போது இங்கே இருக்கிறேன்" என்று புதிய முகவரியை எழுதி வைத்துவிடும். தனி வரிசையும் கிடையாது, புதிய பகுதியே வரிசையாகவும் பயன்படும். எவ்வளவு அழகு! பழைய ஆப்ஜெக்ட் இனி வேண்டாம் என்பதால் அங்கே அது முடிகிறது. நமக்கு மூலம் கெடாமல் இருக்க வேண்டும், அதனால் பதிவேடு தனியாகத்தான் வேண்டும்.

## படி 4: எட்டாத கணுக்களை மறக்காதீர்கள்

மேலே உள்ள இரண்டு நிரல்களும் தொடக்கக் கணுவிலிருந்து போய்ச் சேர முடிந்தவற்றை மட்டும் நகலெடுக்கும். கிராஃப் துண்டு துண்டாக இருந்தால் மற்ற துண்டுகள் வராது. திசையுள்ள கிராஃப் என்றால் இன்னும் ஜாக்கிரதை: உங்கள் தொடக்கத்தைக் காட்டும் கணுக்களுக்கு நீங்கள் போக வழியே இல்லாமல் இருக்கலாம்.

எல்லாக் கணுக்களின் பட்டியலும் கையில் இருந்தால் நான் இரண்டு சுற்று முறையைத்தான் எடுப்பேன்:

```
சுற்று 1: ஒவ்வொரு கணுவுக்கும்
    பதிவேடு[கணு] = புதிய கணு(கணு.மதிப்பு)
சுற்று 2: ஒவ்வொரு கணுவுக்கும், அதன் ஒவ்வொரு அண்டைக்கும்
    பதிவேடு[கணு].அண்டைகளில் சேர்: பதிவேடு[அண்டை]
```

ரிகர்ஷனும் இல்லை, வரிசையும் இல்லை, முன்பா பின்பா என்ற குழப்பமும் இல்லை. படிப்பவருக்கு ஒரே பார்வையில் புரியும். ஓர் அண்டை பட்டியலிலேயே இல்லை என்றால் சுற்று 2-இல் பதிவேடு கைவிரிக்கும். அதை மௌனமாகத் தாண்டிப் போகாமல் பிழையாக எழுப்புங்கள், மூலக் கிராஃபே கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

## படி 5: இணைப்பும் ஒரு ஆப்ஜெக்ட் என்றால்

பாடநூல் உதாரணங்களில் இணைப்பு என்பது வெறும் ரெஃபரன்ஸ். நிஜத்தில் அதற்கு எடை, நிறம், பெயர் எல்லாம் இருக்கும், அதனால் தனி ஆப்ஜெக்டாக இருக்கும். திசையில்லாத கிராஃபில் ஒரே இணைப்பு ஆப்ஜெக்டை இரண்டு முனைக் கணுக்களும் பகிர்ந்துகொண்டிருக்கும். கணுக்களுக்கு மட்டும் பதிவேடு வைத்துவிட்டு இணைப்புகளை வழியில் பார்க்கும்போதெல்லாம் புதிதாக உருவாக்கினால் ஒவ்வொரு இணைப்பும் இரண்டாகும். அப்புறம் ஒரு முனையிலிருந்து எடையை மாற்றினால் மறுமுனை பழைய எடையையே காட்டும். இணைப்புகளையும் பதிவேட்டில் எழுதுங்கள், ஒரே பதிவேடு போதும். தன்னையே காட்டும் கணுவும், ஒரே இரு கணுக்களுக்கிடையே இருக்கும் பல இணைப்புகளும் இதில் தனிக் கவனிப்பு இல்லாமலே சரியாக வந்துவிடும்.

## படி 6: மதிப்புக்குள் என்ன இருக்கிறது

கணுவின் மதிப்பு எண்ணோ சரமோ என்றால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மாற்றக்கூடிய பட்டியலோ மேப்போ என்றால் அதையும் நகலெடுக்க வேண்டும், இரண்டு கணுக்கள் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொண்டிருந்தால் அதுவும் பதிவேடு வழியாகவே போக வேண்டும். நகலெடுக்கவே கூடாத பொருட்களும் உண்டு: திறந்திருக்கும் கோப்பு, டேட்டாபேஸ் இணைப்பு, லாக், பொதுவான அமைப்புகள். இவற்றை அப்படியே பகிருங்கள், அல்லது நகலில் காலியாக விடுங்கள். எது எது எந்த வகை என்று முன்கூட்டியே முடிவெடுத்து நிரலில் ஒரே இடத்தில் எழுதி வையுங்கள். இந்த முடிவை எந்த நூலகமும் உங்களுக்காக எடுக்க முடியாது.

இங்கே ஒரு நுணுக்கமான பள்ளம் இருக்கிறது. அண்டைகளைப் பட்டியலில் வைக்காமல் ஹாஷ் செட்டில் வைத்திருக்கிறீர்கள், கணுவின் ஹாஷ் (செட்டில் எந்த இடத்தில் வைப்பது என்று முடிவுசெய்யும் எண்) அதன் பெயரிலிருந்து கணக்கிடப்படுகிறது என்று வையுங்கள். பாதி கட்டிய நகலைச் செட்டில் போடும் நேரத்தில் பெயர் இன்னும் நிரம்பவில்லை என்றால் அது தப்பான இடத்தில் போய் உட்காரும், பிறகு பெயர் நிரம்பியதும் தேடினால் கிடைக்காது. செட்டை அச்சிட்டால் உள்ளே இருக்கிறது, கேட்டால் இல்லை என்கிறது! ஹாஷுக்கு வேண்டிய புலங்களை உருவாக்கும்போதே நிரப்பிவிடுங்கள், அல்லது ஹாஷை அடையாளத்தை வைத்து எடுங்கள்.

## மொழிகள் தரும் கருவிகள்

பைத்தானின் டீப்காப்பி உள்ளே மெமோ என்ற பெயரில் நம் பதிவேட்டையே வைத்திருக்கிறது, சுழற்சியும் பகிர்வும் சரியாக வரும். ஆனால் அது ரிகர்ஷன், ஒரு கணுவுக்கே பல அழைப்புகள் செலவாகும், அதனால் சில நூறு கணுக்கள் நீளமுள்ள சங்கிலியிலேயே எல்லையைத் தொடலாம். உங்கள் வகுப்புக்கு நகலெடுக்கும் முறையை நீங்களே எழுதினால், வரும் மெமோவில் முதலில் உங்கள் நகலைப் பதிந்துவிட்டு, உள்ளே அழைக்கும் ஒவ்வொரு டீப்காப்பிக்கும் அதே மெமோவைக் கொடுங்கள். கொடுக்க மறந்தால் பதிவேடு அந்த இடத்தில் அறுந்துவிடும்.

ஜாவாஸ்கிரிப்டில் ஜேசனாக மாற்றித் திரும்பப் படிக்கும் பழைய தந்திரத்தைக் கிராஃபுக்குப் பயன்படுத்தாதீர்கள். சுழற்சி இருந்தால் பிழை வரும், பகிர்வு இருந்தால் சத்தமில்லாமல் இரண்டாகும், தேதிகள் சரமாகிவிடும். ஸ்ட்ரக்சர்டுகுளோன் சுழற்சியையும் பகிர்வையும் காப்பாற்றும். ஆனால் உள்ளே ஃபங்ஷன் இருந்தால் பிழை எழுப்பும், உங்கள் வகுப்பின் ஆப்ஜெக்டுகள் முறைகளை இழந்து வெறும் ஆப்ஜெக்டுகளாக வரும். ஜாவாவின் குளோன் இயல்பில் ஷாலோதான். சி பிளஸ் பிளஸ்ஸில் இயல்பான நகல் பாயிண்டரை மட்டும் நகலெடுக்கும், அதை இரண்டு பக்கமும் அழிக்கப் போனால் நிரல் உடையும். கணுக்களுக்கு உரிமையாளராக ஒரே ஒரு கிராஃப் ஆப்ஜெக்டை வைத்து, இரண்டு சுற்று முறையில் எழுதுவது அங்கே நிம்மதியான வழி.

## படி 7: சோதனை

இரண்டு கிராஃப்கள் ஒரே உருவம்தானா என்று பொதுவாகக் கண்டுபிடிப்பது கஷ்டமான கணக்கு. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை, யாருக்கு யார் நகல் என்ற பதிவேடு கையில் இருக்கிறது. அதனால் சோதனைக்காகவாவது பதிவேட்டையும் சேர்த்துத் திருப்பும்படி எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு மூலக் கணுவுக்கும், அதன் ஒவ்வோர் அண்டை இடத்துக்கும் இதைச் சரிபாருங்கள்: அந்த அண்டையின் நகலும், நகல் கணுவின் அதே இடத்தில் இருக்கும் அண்டையும் ஒரே ஆப்ஜெக்டா? இரு பட்டியல்களின் நீளமும் சமமா? பிறகு பதிவேட்டில் நகல்கள் ஒன்றுக்கொன்று வேறானவையா, அவற்றில் எதுவும் மூலக் கணுவாக இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் சொன்ன மூன்று நிபந்தனைகளும் இதில் அடங்கிவிடும்.

எந்தக் கிராஃப்களில் ஓட்டுவது? காலிக் கிராஃப், தனி ஒரு கணு, தன்னையே காட்டும் கணு, இரு கணுச் சுழற்சி, வைரம், ஒரே மதிப்புள்ள இரண்டு கணுக்கள், துண்டு துண்டான கிராஃப், ஒரு லட்சம் கணு நீளச் சங்கிலி. மேலே சொன்ன தப்புகளில் பெரும்பாலானவை இந்த எட்டில் ஏதாவது ஒன்றில் மாட்டும். இன்னொரு த்ரெட் மூலத்தை மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்றால் நகலெடுக்கும் நேரம் முழுவதும் லாக் பிடியுங்கள், இல்லையென்றால் எந்தக் கணத்திலும் உண்மையில் இல்லாத ஒரு கிராஃப் நகலாகக் கிடைக்கும்.

## செலவு, அப்புறம் நகலையே தவிர்ப்பது

ஒவ்வொரு கணுவையும் ஒரு தடவை, ஒவ்வோர் இணைப்பையும் ஒரு தடவை (திசையில்லாதது என்றால் இரண்டு தடவை) தொடுகிறோம். ஆக நேரம் கணுக்கள், இணைப்புகள் இரண்டின் கூட்டுத்தொகையோடு சேர்ந்து வளரும். பதிவேட்டுக்குக் கணுக்களின் எண்ணிக்கை அளவுக்குக் கூடுதல் மெமரி. வேலை முடிந்ததும் பதிவேட்டை விட்டுவிடுங்கள், அது மூலக் கணுக்கள் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும்.

அடிக்கடி நகல் எடுக்க வேண்டிய இடத்தில் கிராஃபை வைத்திருக்கும் விதத்தையே மாற்றுவது நல்லது. என் எடிட்டரில் கடைசியில் அதைத்தான் செய்தேன். கணுக்கள் ஒன்றையொன்று ரெஃபரன்ஸால் காட்டுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, எண்ணிலிருந்து கணுவுக்குப் போகும் ஓர் அட்டவணை வைத்தேன். அண்டைப் பட்டியலில் இருப்பது எண்கள் மட்டும். கணுவை ஒருபோதும் அதே இடத்தில் மாற்றுவதில்லை, மாற்றம் வேண்டுமென்றால் புதிய கணுவை அதே எண்ணில் வைப்பேன். இப்போது அன்டூவுக்கு அட்டவணையின் ஷாலோ காப்பி ஒன்றே போதும், மாறாத கணுக்களை எல்லா நகல்களும் பகிர்ந்துகொள்கின்றன, சுழற்சி இருந்தாலும் சிக்கல் இல்லை, பெட்டியின் பழைய பெயரும் திரும்ப வருகிறது.